சாஆ தாண்டினால் எல்லாரும் சாமி

1

தேவகோட்டையில் பத்திரிகை நடத்தும் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், அக்கரைச் சீமை அனுபவம் ஏதாவது எழுதி அனுப்பு என்று வெகு காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறார். புலி, யானை, மலைப்பாம்பு என்று வந்தால் வாசகர்கள் விரும்புவார்கள் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். இந்தத் தோட்டத்துக்கு வந்து இத்தனை காலத்தில் நான் புலியின் காலடித் தடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் புலி போன பிறகு, மறுநாள் காலையில். அதனால் எழுதாமல் தட்டிக் கழித்துவந்தேன். இன்று பேனாவை எடுத்திருப்பது அவருக்காக இல்லை, இந்த மழைக்காக. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். என் மனைவி சிவகாமி இங்கிருந்து சிங்கப்பூர் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்துக்காக நடந்து போயிருக்கிறாள். தோட்டத்து ஜனங்கள் ஒரு கூட்டமாகப் போனார்கள். பூசம் முந்தாநாளே முடிந்துவிட்டது. நேற்றைய ரயிலில் எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. இன்றைய ரயிலும் இன்னும் வரவில்லை. அவர்கள் போகிற வழியில், சாஆ என்கிற ஊரைத் தாண்டி யோங் பெங் போகிற சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்கிறார்கள். தண்ணீர் ஏறுவதற்கு முன் அவர்கள் அந்த இடத்தைக் கடந்தார்களா, பிறகு கடந்தார்களா, கடந்தார்களா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நான் லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். நம்மூரில் கம்பவுண்டர் என்பார்கள், இங்கே கொஞ்சம் மரியாதை கூட. காலையில் பிரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு முடிந்து, ஆட்கள் பால் வெட்டப் போகுமுன், ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் வாயிலும் மலேரியாவுக்கான கொய்னா மருந்தை ஊற்றி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் மூலையில் துப்புகிறவர்கள் உண்டு. இன்று காலை ஒரு மனிதர் என் கண் முன்னாலேயே துப்பினார். நான் அடுத்தவர் வாயில் ஊற்றப் போய்விட்டேன். அவரே பயந்துபோய், "என்னங்கய்யா, திட்டலையா?" என்று கேட்டார்.

வரிசை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பதற மாட்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

"தந்தி ஒண்டும் வரேல்லை, டிரஸ்ஸர். குளுவாங் ஸ்டேஷனுக்கு அங்காலை லைன் முழுக்கத் தண்ணி. ரயில் மெல்ல மெல்லத்தான் வரும். வந்தால் ஆள் அனுப்புவன்."

"நடந்து போனவர்களைப் பற்றி யாராவது..."

"நடந்து போன சனத்தைப் பற்றி ரயில்வேக்கு என்னெண்டு தெரியும்? டிக்கெட் எடுத்தால்தான் எங்களுக்கு அவை ஆக்கள்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

குடிக்காமல் வந்துவிட்டேன்.

2

போன வருடமும் இதே மழை, இதே சாலை. அதைச் சொல்லுமுன் இந்த நடை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வாசகர்களுக்குத் தை மாதத்து நடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரைக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, பழனிக்குப் போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். நானும் இளவயதில் ஒரு தடவை போனேன். உள்ளங்கால் கொப்புளம், விடியற்காலைக் குளிரில் பல் கிடுகிடுத்தது, குன்றக்குடி வருவதற்குள் பக்கத்தில் நடந்தவனோடு போர்வைக்காகச் சண்டை. பக்தி என்று பார்த்தால் அவ்வளவுதான் தேறும். கப்பல் ஏறியபோது இனி இந்தத் தொந்தரவு இல்லை என்று நினைத்தேன்.

இங்கே தை மாதத்தில் பனி கிடையாது. குளிர்காலம் என்று பேர் சொல்ல இருப்பது மழை ஒன்றுதான். கார்த்திகைக்குப் பின் பிடித்தால் தை வரைக்கும் விடாது. என் மகள் பூரணத்துக்கு இப்போது வயது பதின்மூன்று. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். பழனிக்கு ஜனங்கள் பனியில் நடப்பார்கள் என்று அவள் அம்மா ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பனின்னா ஆயர் பத்துவாம்மா?" என்று கேட்டாள் இவள்.

ஆயர் பத்து என்றால் மலாயில் ஐஸ் கட்டி. தலைமேல் ஐஸ் கட்டி விழ விழ ஜனங்கள் பழனிக்கு நடப்பதாக என் மகள் நினைத்துக்கொண்டாள். நாங்கள் சிரித்தோம். பிறகு பனி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தோம். புல்லின் மேல் இருக்கும், புகை மாதிரி இருக்கும், வாயைத் திறந்தால் ஆவி வரும் என்றெல்லாம் சொன்னோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பக்கத்து மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டாள். அந்தப் பிள்ளைகளோடு பேசும்போது அவள் மலாய் தண்ணீராக ஓடும். எங்களோடு பேசும்போதுதான் வார்த்தைக்கு வார்த்தை தட்டும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்த வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இந்தக் காய்ச்சலில் எத்தனையோ பேரை நான் பார்த்தவன். அவளுக்கு மூத்திரம் கறுத்துப் போயிருந்தது. அப்படி ஆனவர்கள் பிழைப்பது அபூர்வம். என்ன நடக்கும் என்று தெரிந்தும் சொல்ல முடியாமல், தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நின்றேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு மஞ்சள் துணியை நனைத்து, அதில் காசு முடிந்து, மூன்று வருடம் சர்க்கரைக் காவடி தூக்கிச் சிங்கப்பூர் வரைக்கும் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கியது. மருந்துதான் என்று நான் சொல்வேன், முருகன்தான் என்று அவள் சொல்வாள். மருந்தை அளந்து கொடுத்தவன் நானாயிருந்தும் அந்த விவாதத்தில் ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை.

பிழைத்து எழுந்த பெண்ணோ, "எனக்காக ஏன் நடக்கணும்? நான் கேக்கவே இல்லையே" என்றாள். அவள் குறும்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்கு என் மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

3

பெண்கள் காவடி எடுப்பார்களா என்று நம்மூர்க்காரர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இங்கே எடுக்கிறார்கள். கடல் தாண்டி வந்த பிறகு சில கதவுகள் தாமாகவே திறந்துகொள்கின்றன, சில அதைவிட இறுக்கமாகச் சாத்திக்கொள்கின்றன.

கூட்டத்துக்குத் தலைவர் முனியாண்டி. தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். கட்டைக் குரல், பிடிவாதம், குடிக்காத நாளில் நல்ல பக்திமான். காப்புக் கட்டிவிட்டால் அவர் பெரிய சாமி. மற்ற எல்லாரும் சாமி. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியதிலிருந்து சிங்கப்பூர்க் கோயிலில் அவிழ்க்கும் வரைக்கும் யாரும் யாரையும் பேர் சொல்லக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதிலும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஆள் வீட்டு ஆளாகிவிடுவாராம், நேர்ந்துகொண்ட நடை அங்கேயே முடிந்துவிடுமாம். 'சாமி' என்று ஒருவர் குரல் கொடுத்தால் கேட்கிறவர் எல்லாரும் 'அரோகரா' என்று பதில் கொடுக்க வேண்டும். புருஷன் பெண்சாதி சேர்ந்து நடக்கக் கூடாது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். காவடி தரையில் படக் கூடாது. தங்கும் இடத்தில் மரக்கிளையில் மாட்டி வைப்பார்கள்.

போன வருடம் தோட்டத்துத் துரை எனக்கு லீவு கொடுத்தார். இத்தனை ஆட்கள் போய் வழியில் காய்ச்சலில் விழுந்தால் வேலை கெடும், நீயும் போய்ப் பார்த்துக்கொள் என்றார். ஒரு தாளில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் பேரை எழுதவில்லை. வழியில் போலீஸ்காரர் யாராவது நிறுத்தினால் அந்தத் தாளைக் காட்டி, பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் என் மருந்துப் பெட்டியைச் சேர்ந்தவர்கள் என்று நான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் காப்புக் கட்டவில்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். யாரையும் சாமி என்று கூப்பிடவும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. நேற்று வரைக்கும் கொய்னாவைத் துப்பிவிட்டு ஓடிய ஆளை இன்றைக்குச் சாமி என்றால் அந்தச் சாமிக்கே சிரிப்பு வராதா? "இங்கே பாருங்க", "அந்தாப்பில" என்றே சமாளித்தேன்.

"எங்களைத்தான் வேணாம். உங்க வீட்டம்மாவையாச்சும் ஒரு தடவை சாமின்னு கூப்பிடக் கூடாதா டிரஸ்ஸரய்யா?" என்று பெரிய சாமி சீண்டினார்.

"வீட்டிலேயே அப்படித்தானே நடத்துகிறேன்" என்றேன். பெண்கள் பக்கமிருந்து சிவகாமியின் சிரிப்பு எல்லாருக்கும் கேட்டது.

நிஜத்தைச் சொன்னால், சாமி என்று மட்டுமல்ல, சிவகாமி என்றும் நான் அவளைக் கூப்பிட்டது கிடையாது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு 'இந்தா' என்கிற ஒரு சொல்லே ஆயுசுக்கும் போதும்.

4

சாஆவில் ஒரு கடைக்காரர் கொட்டகையில் தங்கிவிட்டு மறுநாள் புறப்பட்டோம். கிளம்பும்போதே தூறல். போகப் போகச் சாலையில் முழங்கால் தண்ணீர். எதிரே சைக்கிளில் வந்த சீனர், இதற்கு மேல் போக முடியாது, பாலம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்று கையைக் காட்டினார். பெரிய சாமிக்கு வழி தெரியும். சாலையை விட்டுவிட்டு ரப்பர் காட்டுக்குள் ஒரு பெரிய வாய்க்காலின் கரையோடு போனால் மேட்டில் ஒரு கொங்சி இருக்கிறது, சீனக் கூலிகள் விட்டுப்போன கொட்டகை, அங்கே தங்கலாம் என்றார்.

கரை ஒற்றை ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் தண்ணீரில் நிற்கிற மரங்கள். மழை வலுத்தது. ரப்பர் இலையில் மழை அடிக்கிற சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் பேசுவது கேட்காது. பொழுது சாயவில்லை. இருந்தும் தோப்புக்குள் கண் தெரியவில்லை. முன்னால் போகிறவரின் காவடித் துணியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவரும் நடந்தோம்.

கொங்சிக்கு வந்து சேர்ந்ததும் பெரிய சாமி திரும்பி நின்று, "சாமி!" என்று குரல் கொடுத்தார்.

"அரோகரா!" என்று கொட்டகை அதிர்ந்தது.

"முருகன் புண்ணியத்துல எல்லாரும் வந்து சேந்துட்டோம்" என்றார். அதுதான் அவர்கள் தலை எண்ணுகிற முறை. நான் மருந்துப் பெட்டியைத் திறந்து, நனைந்த பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தேன். காவடிகளை உத்திரத்தில் மாட்டினார்கள். அவளுடைய காவடி எனக்குத் தெரியும். இரண்டு சின்னச் செம்பு, வாயில் சர்க்கரை நனையாமலிருக்க ரப்பர் ஷீட்டை நான்தான் வெட்டி இழுத்துக் கட்டிக் கொடுத்திருந்தேன். அந்தக் காவடி உத்திரத்தில் இல்லை.

"அவள் எங்கே?" என்றேன்.

"எந்தச் சாமி?" என்றார் பெரிய சாமி.

பெண்களைக் கேட்டேன். ஒருத்தி, "உங்ககூட முன்னால போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். இன்னொருத்தி, "இல்ல, எனக்குப் பின்னாலதான் வந்தாங்க. அரோகரா சொல்றது கேட்டுச்சே" என்றாள். எந்த இடம் வரைக்கும் கேட்டது என்றால், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாரும் கரையில் திரும்பி ஓடினோம். எனக்கு முன்னே பெரிய சாமி. அவர் "சாமி!" என்று கத்துவார். உடனே முன்னாலிருப்பவர், பின்னாலிருப்பவர், கரை முழுவதும் இருக்கிற அத்தனை பேரும் "அரோகரா!" என்பார்கள். மழையில் அது எங்கேயோ மோதித் திரும்பியும் வரும். தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது போலிருக்கும். அங்கே ஓடிப் பார்த்தால் நம் ஆளே ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கால் சுழித்து ஓடியது. கரையில் ஒரு இடத்தில் மண் புதிதாகச் சரிந்திருந்தது.

"சிவகாமி!" என்று கத்தினேன்.

பெரிய சாமி என் கையைப் பிடித்தார். "வேணாம் சாமி, பேரு சொல்லாதீங்க. அந்தப் புள்ளைக்காக நேந்துக்கிட்ட நடை சாமி, கெட்டுப்போயிரும்."

"நடை கெட்டால் கெடட்டும். ஆள் இருக்கிறாளா இல்லையா?" என்று அவர் கையை உதறினேன். "சிவகாமி! சிவகாமி!"

மழைச் சத்தம்தான் கேட்டது. ஒரு பதில் இல்லை. அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கு எனக்குத்தான் தெரியும். ஆள் போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். பூரணத்திடம் போய் என்ன சொல்வேன் என்று வரிசைப்படுத்தக்கூட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ "சாமி!" என்றார், மறுபடியும் கரை முழுவதும் "அரோகரா!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வாயை மூடுங்கள்! எல்லாரும் வாயை மூடுங்கள்! நீங்களே கூப்பிட்டு நீங்களே பதில் சொன்னால் அவள் குரல் எப்படியய்யா கேட்கும்?"

பெரிய சாமி திகைத்து நின்றார். அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது. எனக்குமே கத்திய பிறகுதான் உறைத்தது.

"சாமின்னு கேட்டா நாக்கு சும்மா நிக்காது சாமி. பழக்கம்" என்றார் மெல்ல. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, நுனியைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கும் கையைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக, ஆண்கள் துண்டையும் பெண்கள் முந்தானையையும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அந்தக் கரையில் நின்றார்கள். மழை அவர்கள் முகத்தில் அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

இனி கூப்பிட வேண்டியவன் நான் ஒருவன்தான். பேர் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு சொல், வழி நெடுக நான் சொல்ல மாட்டேன் என்று வீம்பு பிடித்த சொல்.

"சாமி!" என்றேன். குரல் எழும்பவில்லை. நெஞ்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "சாமீ!" என்று கத்தினேன்.

"அரோகரா..."

காலுக்குக் கீழே இருந்து வந்தது. மண் சரிந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையோரம் சாய்ந்த ஒரு மரத்தின் மறைவில், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தது. மற்ற கை காவடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. காவடியை விட்டிருந்தால் இரண்டு கையாலும் பற்றி ஏறியிருப்பாள். விடவில்லை.

நான் கையை நீட்டினேன். "காவடிய மொதல்ல வாங்குங்க" என்றாள். பெரிய சாமி குனிந்து காவடியை வாங்கிய பிறகுதான் எனக்குக் கை கொடுத்தாள்.

5

கொங்சியில் நெருப்பு மூட்டி அவளை உட்கார வைத்தேன். கால் முழுக்க அட்டை. உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே திட்டினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே திட்டினேன். அவள் சர்க்கரைச் செம்பின் வாயை அழுத்திப் பார்த்தாள். ரப்பர் ஷீட் பிடித்திருந்தது, சர்க்கரை நனையவில்லை.

"நான் கத்தியது கேட்கவே இல்லையா?"

"கேட்டுச்சு."

"எது கேட்டது?"

"என் பேரு. மூணு தடவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டதா? கேட்டுக்கொண்டா பேசாமல் நின்றாய்? செத்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன்!"

"அதுக்குத்தான் யாரு சாமின்னாலும் அரோகரா அரோகரான்னு கத்திக்கிட்டே இருந்தேன். இவங்க சத்தத்துல எடுபடல. நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதும் வாய் வரைக்கும் வந்துருச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டேன். நான் பதில் சொல்லியிருந்தா நடை அங்கயே முடிஞ்சிருக்கும். மூணு வருசம்னு வாங்கிட்டு வந்த உசுரு. எனக்காக அதுல கை வைக்கச் சொல்றீங்களா?"

காய்ச்சல் மருந்தால்தான் போயிற்று என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்குமேல் எனக்கு அவள்மேல் கோபமா, பயமா, அழுகையா என்றே தெரியவில்லை. குனிந்து அடுத்த அட்டையை எடுத்தேன்.

"நடை முடியட்டும். காப்ப அவுத்த பெறகு கூப்பிடுங்க" என்றாள். "எங்க இருந்தாலும் ஒரே கூப்பாட்டுல வர்றேன்."

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தோம், காவடி செலுத்தினோம், காப்பை அவிழ்த்தோம், ரயிலேறி வந்தோம். ஆனால் நான் கூப்பிடவில்லை. வீடு இரண்டே அறை. தொண்டையைச் செருமினால் காப்பியோடு வந்து நிற்பாள். எங்கே கூப்பிடுவது?

6

வேண்டுதலின் கடைசி வருடமான இந்த வருடம் தோட்டம் முழுக்கக் காய்ச்சல், எனக்கு லீவு இல்லை என்று துரை சொல்லிவிட்டார். பெரிய சாமி புது ஏற்பாடு செய்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவரும் காவடியில் ஏதாவது ஓசைப்படும் பொருளைக் கட்டிக்கொள்ள வேண்டும். சலங்கை, தகர டப்பா, எதுவானாலும் சரி. ஆஸ்பத்திரியில் வரிசையைக் கூப்பிட நான் அடிக்கும் பித்தளைக் கைமணியைக் கழற்றி அவள் காவடியில் நானே கட்டினேன். இப்போது ஆட்களைக் கூப்பிட எனாமல் பேசினைத் தட்டுகிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது பூரணம் ஓடிவந்தாள். தலை முழுக்க மழை. அவள் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஸ்டேஷனிலேயே நின்றிருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை.

"அப்பா, ரயில் சம்பாய் ஆகப் போகுதாம், மாஸ்டர் சொன்னாரு. சீக்கிரம் வாங்க!"

சம்பாய் என்றால் வந்து சேர்வது. வேறு நாளாயிருந்தால் தமிழில் சொல் என்று அதட்டியிருப்பேன். பேனாவை அப்படியே போட்டுவிட்டு அவளோடு ஓடினேன். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. "எனக்காக நடக்கச் சொல்லலைன்னு நான் சொன்னேன்ல, அதனால அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஓடிக்கொண்டே ஆகாது ஆகாது என்றேன்.

இதையும் மற்றதையும் மறுநாள் காலையில் எழுதுகிறேன்.

ரயில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து நம் ஆட்கள் இறங்கினார்கள். சேறு, தாடி, மழையில் சாயம் போன மஞ்சள் வேட்டி. வெள்ளத்தால் குளுவாங்கில் ஒரு நாள் முழுக்க ரயிலை நிறுத்திவிட்டார்களாம். பெரிய சாமி இறங்கினார். பெண்கள் இறங்கினார்கள். ஒரு காவடியில் சலங்கை, ஒன்றில் தகர டப்பா. நான் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மணி கேட்கவே இல்லை.

"பெரிய சாமி, அவள் எங்கே?" என்று அவர் தோளைப் பிடித்தேன்.

அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "எந்தச் சா..." என்று ஆரம்பித்தார்.

முழுக்கக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயில் நெடுக ஓடினேன். துரையின் ஆபீஸ் குமாஸ்தா நின்றார், கங்காணிமார் நின்றார்கள், பாதித் தோட்டமும் ஸ்டேஷனில் இருந்தது. எதையும் நான் பார்க்கவில்லை.

"சிவகாமி!"

ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைத் தூக்கின கையோடு திரும்பிப் பார்த்தார். பிளாட்பாரமே என்னைப் பார்த்தது.

"இந்தா வந்துட்டேன்!"

கடைசிப் பெட்டிக்குள்ளிருந்து குரல் முதலில் வந்தது, பிறகு காவடி, அதன் பிறகு அவள். கூட வந்த ஒரு கிழவியைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தாளாம். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இல்லை. கயிறு இருந்த இடம் வெளுத்திருந்தது. பூரணம் பாய்ந்து போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்கும் கண் மறைத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமலிருக்க, "மணி எங்கே? ஆஸ்பத்திரி மணி, துரை கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்று அதட்டினேன்.

"கோயில்ல கட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். மகளின் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இன்னும் மணி எதுக்கு? அதான் கூப்பிடத் தெரிஞ்சிருச்சே."